சிவப்பு பல்பின் கீழ் ஒரு கிளி

பியாட்ரிஸ் ஆன்ட்டியின் முகத்தைவிட அவருடைய குரல்தான் பலருக்குப் பழக்கம். பிரேசர் டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் இருபத்திரண்டு வருடமாக டெலிபோன் ஆபரேட்டர். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், கொஞ்சம் தக்னி உருது. யார் எந்த பாஷையில் பதறினாலும் அதே பாஷையில், சீரான குரலில், "லைன்ல இருங்க" என்பார். அவர் முன்னால் இருக்கும் போர்டில் வரிசையாகக் குட்டி பல்புகள். ஒன்று எரிந்தால் வெளியே யாரோ காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"எரியற பல்பைப் பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி இருக்க என்னால முடியாது தம்பி. யாரோ பேச வந்து நிக்கறாங்க இல்ல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர்கள் வீட்டு மாடி அறையில் நான் குடியிருந்தேன். மாடிப்படி ஹாலுக்கு உள்ளேயிருந்து ஏறும். போகும்போதும் வரும்போதும் ஹாலைத் தாண்டியாக வேண்டும். அதனால் அந்த வீட்டில் நடந்த எதையும் பார்க்காமல் இருக்க எனக்கு வழியில்லை.

ஹால் சுவரில் ஒரு சின்னப் பீடம். அதில் மாதா சுரூபம். பக்கத்தில், கிறிஸ்துமஸுக்குக் காகித நட்சத்திரம் கட்டுவதற்காக உத்தரத்தில் அடித்திருந்த கொக்கியில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஜிம்மி என்ற கிளி. மகள் ஆஞ்சலா பள்ளிக்கூடத்தில் படித்தபோது நாய் வேண்டும் என்று அழுதாளாம். அப்பா ஓஸ்வால்ட் மறுத்துவிட்டார். அந்த மழைக்காலத்தில் மாதா கோயில் காம்பவுண்டில் தூங்குமூஞ்சி மரத்தடியில் இறகுகூட முளைக்காத ஒரு கிளிக்குஞ்சு விழுந்து கிடந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தாள். நாய்க்கு என்று வைத்திருந்த பெயர் கிளிக்குப் போய்விட்டது. ஜிம்மிக்கு நாலு வார்த்தை தெரியும். அதில் மிகத் தெளிவானது, "லைன்ல இருங்க."

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை ஆஞ்சலா வீட்டைவிட்டுப் போனாள். கூட வேலை செய்த அருண்குமார் என்ற பையனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் ஒசூர்ப் பக்கம், வேறு மதம். ஓஸ்வால்ட் அங்கிள் சத்தம் போடவில்லை. "இனிமே அந்தப் பேரு இந்த வீட்ல வேணாம்" என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மூச்சு முட்டியது. ஆட்டோவில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்து நாள் இருந்தார்.

அந்தப் பத்து நாளில் ஒரு நாள், ஆன்ட்டி மாதா முன்னால் ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். மகள் திரும்பி வரும்வரை அது அணையாது என்று நேர்ச்சை. கரண்ட் போனால் அந்த நேரத்துக்குக் கண்ணாடி டம்ளரில் ஒரு மெழுகுவத்தி. நான் அப்போது படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். "என் போர்டுல ஒரு லைன் தம்பி" என்றார்.

அங்கிள் டிஸ்சார்ஜ் ஆகி வந்து சோபாவில் உட்கார்ந்ததும் அந்தப் பல்பைத்தான் பார்த்தார்.

"எனக்காகவா பியா?"

ஆன்ட்டி அவருக்கு வெந்நீர் கொண்டுவர உள்ளே போனார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் ஆமாம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அங்கிள் பல்பைக் காட்டுவார். "என் லங்ஸுக்கு. இவ நேர்ச்சை. இன்னும் அணையல, நானும் இன்னும் அணையல." வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆன்ட்டி டீ கலக்கப் போய்விடுவார்.

அடுத்த வருடம் ஜனவரியில் கூண்டுக்கடியில் இறகுகள் விழ ஆரம்பித்தன. வருடா வருடம் உதிர்ந்து முளைப்பதுதானே என்று இருந்தோம். ஆனால் உதிர்ந்த இடத்தில் முளைக்கவில்லை. மார்ச்சில் நெஞ்சில் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு வெறும் தோல் தெரிந்தது. மே மாதத்தில் நெஞ்சு முழுக்க, தொடைகள், இறக்கைக்கு அடியில். சாம்பல் கலந்த இளஞ்சிவப்புத் தோல். கிளியின் தலையைக் கொண்டுபோய் வேறு ஏதோ பிராணியின் உடம்பில் வைத்த மாதிரி இருந்தது. பேச்சும் நின்றுவிட்டது.

இதில் அதிகம் உடைந்துபோனது அங்கிள்தான். அச்சகத்தில் பைண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் எழுந்ததும் கூண்டுக்கடியில் விழுந்த இறகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஊதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் நீளவாரியாக அடுக்குவார். எதற்கு என்று கேட்டால், "ஹிசாபுக்கு. கணக்கு வேணாமா?" என்பார். அவள் பெயரை உச்சரிக்கக் கூடாது என்றவர், அவள் வளர்த்த கிளியின் இறகு ஒன்றைக்கூடக் குப்பைக்குப் போக விடவில்லை. இதை நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு வனஜா வந்து பார்த்தார்.

"அக்கா, இது பேனு. எங்க மாமியார் வீட்ல கோழிக்கு இப்படித்தான் வந்துச்சு. வேப்பெண்ணெய் தடவுங்க, நாலே நாள்ல போயிடும்."

"கோழி வேற கிளி வேற இல்லயா வனஜா?"

"ரெண்டும் முட்டைதானே போடுது."

வேப்பெண்ணெய் தடவினார்கள். மிச்சமிருந்த இறகுகள் ஒட்டிக்கொண்டன. ஜிம்மி எண்ணெயைத் துடைக்கிற வெறியில் அவற்றையும் பிடுங்கியது. நாலாவது நாள் நெஞ்சில் ரத்தம்.

டாக்டரிடம் போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் பயம். நாட்டுக் கிளியை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம், ஃபாரஸ்ட்காரர்கள் வந்து பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்று யாரோ அங்கிளிடம் சொல்லியிருந்தார்கள். இந்தக் கிளியும் வீட்டைவிட்டுப் போய்விட்டால் அப்புறம் ஆஞ்சலாவுக்குக் காட்ட இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று ஆன்ட்டி நினைத்தார். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஒரே பயத்தை வைத்திருந்தார்கள்.

எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஜூன் மாதத்தில் ஒரு நாள் ஹெப்பகோடி பஸ் ஸ்டாப்பில் ஆஞ்சலாவைப் பார்த்தேன். அங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் முகத்தைத் திருப்பினாள். பிறகு அவளே வந்தாள்.

"மாடி அண்ணா தானே? ஜிம்மி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"பேசுதா?"

"பேசுது."

மம்மி, டாடி என்று அவள் கேட்கவே இல்லை. எல்லாவற்றையும் அந்தக் கிளியிலேயே கேட்டுவிட்டாள் என்று தோன்றியது. நான் சொன்னது இரண்டுமே பொய். சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஓடுவதற்கு முன் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு நம்பரை எழுதித் தந்தாள். "கம்பெனி டைம் ஆபீஸ். லஞ்ச்ல கூப்ட்டா என்னைக் கூப்பிட்டு விடுவாங்க. மம்மிகிட்ட மட்டும் குடுங்க."

அந்த டிக்கெட் ஒன்பது நாள் என் சட்டைப்பையில் இருந்தது. கொடுக்க ஒரு நல்ல நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கிள் கடைக்குப் போயிருந்த ஒரு மாலையில் கொடுத்தேன். ஆன்ட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். நம்பரை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார்.

"நர்சிங் ஹோம் நம்பர் அவளுக்கு மனப்பாடம் தம்பி. ஏழு வயசுலேர்ந்து தெரியும். அவ பண்ணட்டும். நான்தான் அங்கயே உக்காந்திருக்கேனே."

டிக்கெட்டை மடித்து மாதா சுரூபத்துக்கு அடியில் வைத்தார்.

ஆகஸ்டில் ஜிம்மியின் முதுகிலும் புண் வந்தது. அதற்குமேல் பயப்பட நேரமில்லை. கூண்டைப் போர்வையால் மூடி, ஆட்டோ பிடித்து, மூன்று பேருமாகக் கால்நடை டாக்டர் சேஷகிரியின் கிளினிக்குக்குப் போனோம். அவர் போர்வையை விலக்கிப் பார்த்து, எங்களையும் பார்த்தார்.

"நாட்டுக் கிளி. வீட்ல வைக்கக் கூடாது, கொத்தா, தெரியும்ல?"

"குஞ்சுல மரத்துலேர்ந்து விழுந்தது டாக்டர். வாங்கல" என்றார் ஆன்ட்டி. அவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"எல்லா கிளியும் மரத்துலேர்ந்து விழுந்ததுதான் இந்த ஊர்ல. இர்லி பிடு, இருக்கட்டும், இப்போ இதைப் பறக்கவிட்டா அரை மணி நேரத்துல காக்கா தின்னுடும்." டவலால் சுற்றிக் கிளியைப் பிடித்துத் தலையை விளக்குக்குக் காட்டினார். "தலையைப் பாருங்க. ஒரு இறகாவது போயிருக்கா?"

போகவில்லை. அவ்வளவு நாளும் பார்த்தும் நாங்கள் கவனிக்காத விஷயம். தலை மட்டும் பச்சைப்பசேலென்று, கழுத்து வளையம்கூட முழுசாக இருந்தது.

"தலைக்கு அதோட அலகு எட்டாது. எட்டற எடத்துல எல்லாம் பிடுங்கியிருக்கு. பேனு, பூச்சின்னா தலையை மட்டும் விட்டுவைக்காது. கூடவே வேற கிளி இருந்தா அது தலையில கொத்தும். இது தானே பிடுங்கிக்கறது."

"தானேவா? வலிக்காதா?" என்றார் அங்கிள்.

"வலிக்கும். அதைவிட ஜாஸ்தி எதுவோ தொந்தரவு பண்ணுது. என்ன போடறீங்க சாப்பிட?"

"சூரியகாந்தி விதை. பச்சை மொளகா."

"தினமும்? தினமும் வறுத்த முந்திரியே தின்னா உங்க தோலு எப்படி இருக்கும்? விதையைக் குறைங்க. கேரட், முருங்கைக்கீரை, வேகவச்ச சோளம் குடுங்க. காலையில அரை மணி வெயில். வெறும் தண்ணியை மழை மாதிரித் தெளிங்க. எண்ணெய் வைக்கவே கூடாது, யாரு சொன்னது அது?"

யாரும் வனஜா பெயரைச் சொல்லவில்லை.

"ராத்திரி எங்க தூங்குது?"

"ஹால்ல" என்றார் அங்கிள். "மாதா பக்கத்துலயே. என் லங்ஸுக்காக இவ ஒரு விளக்கு ஏத்தியிருக்கா டாக்டர். ஒன்றரை வருஷமா அணையவே இல்ல."

"கூண்டுலேர்ந்து எவ்வளவு தூரம்?"

அங்கிள் பெருமையாக ஒரு கையை நீட்டிக் காட்டினார். அந்தக் கை நீட்டியபடியே சற்று நேரம் நின்றது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"பத்துப் பன்னெண்டு மணி நேரம் நல்ல இருட்டு வேணும் இதுக்கு. இருட்டே இல்லேன்னா உடம்புக்கு இது எந்த மாசம்னே தெரியாது. எப்போ உதிர்க்கணும், எப்போ முளைக்கணும், எல்லாம் கலைஞ்சு போயிடும். தூக்கமில்லாத எரிச்சல் வேற. இதுதான் காரணம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற காரணமும் இருக்கலாம், அதைப் பழக்கினவங்க யாராவது போயிட்டாக்கூட இப்படிப் பண்ணும். ஆனா மொதல்ல இருட்டைக் குடுங்க. இன்னும் ரெண்டு மாசம் பிடுங்கிட்டே இருந்தா இறகு வேரோட செத்துப்போகும். அப்புறம் முளைக்காது. புண்ணுல சீழ் வெச்சா உயிரும் போகும்."

பழக்கினவர்கள் யாராவது போய்விட்டார்களா என்று டாக்டர் கேட்கவில்லை. எங்களில் யாரும் சொல்லவும் இல்லை. ஆன்ட்டி கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

விளக்கைத் தொடாமல் இருட்டு உண்டாக்க ஒரு வாரம் முயற்சி நடந்தது. கூண்டைத் துணியால் மூடினார்கள். குஞ்சாக இருந்தபோது வராந்தாவில் மூடியிருந்த கூண்டின்மேல் பூனை பாய்ந்ததாம். மூடினாலே ஜிம்மி கம்பியில் மோதிக்கொண்டது. புண் மறுபடி கிழிந்தது. சமையலறையில் புகை. வராந்தாவில் பூனை. படுக்கையறையில் வைத்தால் கிளியின் இறகுப் பொடி அங்கிளின் மூச்சுக்கு ஆகாது. "என் ரூமுக்குக் குடுங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். என் அறைக்குக் கூரை ஆஸ்பெஸ்டாஸ், மத்தியானத்தில் அடுப்பு. அதைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

ஆன்ட்டி பங்குச் சாமியாரிடம் போனார். நேர்ச்சையை விட முடியாது, ஆனால் மாற்றிக்கொள்ளலாம் என்றாராம் அவர். ஒன்றை நிறுத்தினால் அதற்குச் சமமான, அல்லது அதைவிடக் கஷ்டமான வேறொன்றைச் செய்யவேண்டும்.

"என்ன செய்யட்டும் ஃபாதர்? வேளாங்கண்ணிக்கு நடந்து போகட்டுமா?"

"அது உனக்குக் கஷ்டமா?"

"இல்ல ஃபாதர்."

"எது கஷ்டம்னு உனக்கே தெரியும். அதைச் செய்."

அந்தச் சனிக்கிழமை நான் அரைநாள் வேலை முடிந்து வந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தபோது ஆன்ட்டி ஸ்விட்ச் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மேலே போனால் சத்தம் கேட்கும், நின்றேன்.

"என்ன பண்ற?" அங்கிள் சோபாவிலிருந்து கேட்டார்.

"அணைக்கப் போறேன்."

"ராத்திரி மட்டும் அணைச்சா போதாதா? பகல்ல எரியட்டும்."

"நேர்ச்சைக்கு ஷிஃப்ட் கிடையாதுங்க. அணைச்சா அணைச்சதுதான்."

அங்கிள் சிரிக்கப் பார்த்தார். "அப்போ என் மூச்சு? கிளிக்கு ரெக்கை முளைக்கணும்னு புருஷனை ஆஃப் பண்றியா?"

"இது உங்களுக்காக ஏத்தினது இல்ல."

கூண்டின் கம்பியில் ஜிம்மி அலகைத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்போதான ஏத்தின?"

"ஆமா."

"மூச்சு வராம கெடந்தேன். அப்பவும் எனக்காக இல்ல."

"உங்க பெட் பக்கத்துல நான் இருந்தேன். பத்து நாளும் இருந்தேன். அவ பக்கத்துல யாரு இருந்தா?"

அங்கிள் பல்பைப் பார்த்தார். பிறகு பேசியது நான் எதிர்பார்த்தது அல்ல.

"எல்லார்கிட்டயும் சொன்னேனே பியா. வனஜாகிட்ட, பால்காரன்கிட்ட, அந்த டாக்டர்கிட்ட. நான் சொல்லச் சொல்ல நீ பக்கத்துலயே சும்மனே நின்ன."

"நின்னேன். தப்புதான்."

"யாருக்கு ஏத்தின? பேரைச் சொல்லு."

"வேணாம்னீங்களே."

"சொல்லு."

"ஆஞ்சலா."

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயர். அங்கிள் எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளிருந்து இருமல். இருமல் அடங்கும்வரை ஆன்ட்டி காத்திருந்தார். பிறகு ஸ்விட்சை அணைத்தார். ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் அந்தப் பல்பு, உரித்துவைத்த மாதுளை முத்து மாதிரி, ஒன்றும் செய்யாமல் இருந்தது.

அடுத்த மூன்று வாரம் அங்கிள் ஆன்ட்டியிடம் நேராகப் பேசவில்லை. "தம்பி, உங்க ஆன்ட்டிகிட்ட சொல்லு, ரசத்துல உப்பு இல்ல" என்பார். ஆன்ட்டி எதிரிலேயே கரண்டியோடு நிற்பார். "உங்க அங்கிள்கிட்ட சொல்லு தம்பி, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாருன்னு." நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஆபீஸ் கிளம்புவேன். ஆனால் தினமும் காலையில் கிளிக்குத் தண்ணீர் தெளித்தது அங்கிள்தான். கேரட்டைச் சீவிக் கம்பியில் செருகியதும், சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் ஹால் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையறையில் ரேடியோ கேட்கப் போனதும் அவர்தான். பிஸ்கட் டப்பாவில் போட இறகு குறைந்துகொண்டே வந்தது.

ஒரு காலையில் ஹாலிலிருந்து, "பியா, இங்க வா" என்று கூப்பிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். ஜிம்மியின் நெஞ்சில் குண்டூசி முனைகள் மாதிரி வெள்ளையாக ஏதோ குத்திக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொட்டுப் பச்சை. ஆன்ட்டி விரலை நீட்டினார்.

"தொடாத. வலிக்கும்" என்றார் அங்கிள்.

மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் ஆன்ட்டியிடம் நேராகப் பேசினார். மகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. முதுகுப் புண் ஆறியிருந்தாலும் அங்கே ஒரு முனையும் தெரியவில்லை. அங்கே முளைக்காமலே போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

விளக்கு அணைந்து நாலு வாரம் ஆகியும் மாற்று நேர்ச்சை நடக்கவில்லை. மாதாவுக்கு அடியிலிருந்த பஸ் டிக்கெட் இப்போது ஆன்ட்டியின் கைப்பையில் இருந்தது. தினமும் பன்னிரண்டரைக்கு முதல் மூன்று இலக்கத்தைச் சுற்றிவிட்டு வைத்துவிடுவாராம். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்தவருக்குத் தனக்கென்று ஒன்று போட வரவில்லை. வெளியே போகிற ஒவ்வொரு ஃபோன் காலையும் நோட்டில் எழுதவேண்டும் என்பது மேட்ரனின் சட்டம். யாருக்கு, எதற்கு. ஒரு புதன்கிழமை முதலில் நோட்டில் எழுதினார்: ஆஞ்சலா, பெர்சனல். மையால் எழுதிவிட்டதால் அப்புறம் பேசாமல் இருக்க முடியவில்லை என்று அன்று மாலை என்னிடம் சொன்னார்.

அந்தப் பக்கம் ஒரு ஆள் எடுத்து, யார் வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டாராம்.

"ஆஞ்சலா. பேக்கிங் செக்ஷன். நான் அவ அம்மா."

"லைன்னல்லி இரி."

ரிசீவரை மேஜைமேல் வைக்கிற சத்தம். தூரத்தில் மெஷின். போர்டில் இரண்டு பல்பு எரிந்தது. ஆன்ட்டி பார்த்தார், எடுக்கவில்லை. மூன்றாவதும் எரிந்தது. செருப்புச் சத்தம் ஓடி வந்து நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது. ஹலோ என்று யாரும் சொல்லவில்லை.

என்ன பேசுவது என்று நாலு வாரம் யோசித்துவைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்றாம். "ஜிம்மிக்கு நெஞ்சில முளைச்சிடுச்சி. முதுகுலதான் இன்னும் வரல" என்றாராம்.

"ஏன் மம்மி, என்ன ஆச்சு அதுக்கு?" என்றாளாம் ஆஞ்சலா. "நல்லா இருக்கு, பேசுதுன்னு மாடி அண்ணா சொன்னாரே."

இதைச் சொல்லிவிட்டு ஆன்ட்டி என்னையே பார்த்தார். கோபமில்லை. பதில் வரும்வரை காத்திருக்கிற முகம்தான். ஹாலில் அப்போது மணி ஆறரை. அங்கிள் வந்து விளக்கை அணைத்தார். நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் முதல் படியிலேயே நின்றேன்.